பதினெட்டாம் நூற்றாண்டின் ஃபிஷு: மெல்லிய தோள்துணியைக் கையால் தைத்து அணியும் முறை

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ், இங்கிலாந்துப் பெண்களின் மேலங்கிகளுக்குக் கழுத்து அகன்றும் தாழ்ந்தும் இருந்ததால், மார்பையும் தோளையும் மறைக்க அவர்கள் மெல்லிய துணியொன்றைப் போர்த்திக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை ஃபிஷு என்றார்கள். பணிப்பெண்ணும் அணிந்தாள், சீமாட்டியும் அணிந்தாள். ஒருத்தியுடையது முரட்டு லினன் என்றால், மற்றவளுடையது வங்காளத்திலிருந்து கப்பலேறிப் போன மஸ்லின்.

முதலில் துணி. விரித்துப் பிடித்தால் மறுபுறம் உள்ள கை தெரியுமளவு மெல்லிய, வெள்ளை மல்மல் பருத்தியை வாங்குங்கள். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். அது விரலில் சுருளாது. பருத்தி சுருங்குமென்பதால், நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பிறகே அளக்க வேண்டும்.

அடுத்து, 90 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் வைக்குமுன் ஓர் இழையை உருவி எடுத்து, அது விட்டுச்சென்ற கோட்டின் வழியே வெட்டினால் ஓரம் கோணாது. முக்கோணமாக வெட்டிய ஃபிஷுக்களும் அக்காலத்தில் இருந்தன, துணியும் மிச்சமாகும். ஆனால் குறுக்காக வெட்டிய ஓரம் கையில் இழுபட்டு நீளும் என்பதால், புதிதாகத் தைப்பவர்களுக்குச் சதுரமே நல்லது.

ஃபிஷுவின் அழகு முழுவதும் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே அவசரப்படாதீர்கள். கட்டைவிரலைச் சற்று ஈரமாக்கி, ஓரத்தை உள்நோக்கி உருட்டுங்கள். சுருள் 3 மி.மீ.க்கு மேல் தடிக்கக் கூடாது. மெல்லிய ஊசியால் சுருளுக்கு அடியிலுள்ள துணியில் ஓரிரு இழைகளை மட்டும் குத்தியெடுத்து, பிறகு சுருளுக்குள் ஊசியைச் செலுத்துங்கள். சில தையல்களுக்கு ஒருமுறை ஓரத்தை நீவிவிடுங்கள். நூலை இறுக்கி இழுத்தால் ஓரம் சுருங்கிவிடும். தையல் இயந்திரம் வராத காலத்து உடை இது. இயந்திரத் தையல் இவ்வளவு மெல்லிய துணியின் ஓரத்தை விறைக்கவைத்து, அதன் குழைவையே கெடுத்துவிடுகிறது.

அணியும்போது மூலைக்கு மூலை மடித்து, மடிப்பைப் பிடரியில் வைத்து, இரு முனைகளையும் முன்னால் கொண்டுவந்து மேலங்கிக்குள் செருகுங்கள். முதுகில் தொங்கும் முனையை நடுவில் ஒரு குண்டூசியால் மேலங்கியோடு பிணைத்தால் துணி நழுவாது. இரும்பு ஊசி துருக்கறை விடும். பித்தளை ஊசியே ஏற்றது. 1780களில் பரவிய பாணியில், முனைகளை மார்பின் குறுக்கே கொண்டுசென்று இடுப்புக்குப் பின்னால் முடிய விரும்பினால், 140 செ.மீ. சதுரமாவது தேவைப்படும்.