லிட்டர் விலை மட்டும் போதாது: சேலம் பக்கம் பால் ஊற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் மாவட்டத்தில் ஓமலூர், காடையாம்பட்டி, வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் பகுதிகளின் பெரும்பாலான ஊர்களில் பால் ஊற்றுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று, தனியார் நிறுவனத்தின் சேகரிப்பு மையம் ஒன்று, இவை தவிர வீட்டு வாசலுக்கே வந்து கறந்து எடுத்துப்போகும் பால்காரர் ஒருவர். விற்பவருக்கு இது நல்ல நிலைமைதான். ஆனால் இந்த மூவரில் யாரிடம் ஊற்றுவது என்பதை லிட்டருக்குச் சொல்லப்படும் விலையை மட்டும் வைத்து முடிவு செய்வதே முதல் தவறு. மற்ற தவறுகளில் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கூட்டுறவுக் கொள்முதல் விலையை மாநில அரசு அறிவிக்கிறது. அது படிப்படியாக, நீண்ட இடைவெளிகளில்தான் ஏறும். பசும்பாலுக்கு 2014 நவம்பரில் லிட்டருக்கு 23 ரூபாயிலிருந்து 28 ரூபாயாகவும், 2019 ஆகஸ்டில் 32 ரூபாயாகவும், 2022 நவம்பரில் 35 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்க்கப்பட்டதால் பசும்பாலுக்கு 38 ரூபாய், எருமைப்பாலுக்கு 47 ரூபாய் என்ற கணக்கு வந்தது. தனியார் விலையோ பருவத்தையும் சந்தையையும் ஒட்டி ஏறி இறங்கும். பால் மிஞ்சும்போது அந்த நிறுவனங்கள் அதைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றுகின்றன. பவுடர் விலை சரிந்தால் அடுத்த பட்டுவாடாவிலேயே கொள்முதல் விலையும் சரியும். ஒன்று மெதுவாக நகரும் விலை, மற்றொன்று வேகமாக நகரும் விலை. ஏதோ ஒரு மாதத்து நிலவரத்தைக் கொண்டு இவ்விரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

அப்படியிருந்தும் பெரும்பாலோர் ஒப்பிடுவது கோடையில்தான். மார்ச் முதல் ஜூன் வரை பசுந்தீவனம் குறைந்து பால் வரத்தும் குறைவதால் தனியார் மையங்கள் விலையைக் கூட்டிக் கூப்பிடுகின்றன. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தட்டும் புல்லும் பெருகிப் பால் கூடும்போது, அதே மையங்கள் விலையைக் குறைக்கின்றன, சில வேளைகளில் அளவுக்கும் வரம்பு விதிக்கின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கால் தேநீர்க் கடைகளும் உணவகங்களும் மூடப்பட்டபோது தனியார் பலர் கொள்முதலைக் குறைத்தனர். அந்தப் பால் கூட்டுறவுச் சங்கங்களை நோக்கித் திரும்பியது. 2023 தொடக்கத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. தனியார் விலை உயர்ந்து நின்றதால் ஆவினுக்கு வரும் பாலின் அளவு குறைந்தது, சங்கங்களில் பால் ஊற்றுவோர் விலை உயர்வு கேட்டுப் போராடினர். 2024-ல் தனியார் விலை இறங்க, பால் மறுபடியும் சங்கத்துக்கு வந்தது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தபின், ஓர் ஆண்டு முழுவதற்கும் மாதவாரியாக இரு இடத்து விலையையும் எழுதி வைத்துச் சராசரி பார்க்காமல் இடம் மாறுவது எனக்கு அவசர முடிவாகவே தோன்றுகிறது.

அடுத்தது, அறிவிக்கப்பட்ட விலையே கையில் கிடைக்கும் என்று நம்புவது. அந்த விலை, குறிப்பிட்ட அளவு கொழுப்பும் எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பு நீங்கலான திடச்சத்தும் உள்ள பாலுக்கானது. அந்த அளவுக்குக் கீழே போனால் பட்டியலில் உள்ளபடி விலை குறையும். தனியார் மையங்கள் பலவற்றில் கொழுப்பையும் எஸ்.என்.எஃபையும் கூட்டி மொத்தத் திடச்சத்தாக்கி, அதன் கிலோவுக்கு ஒரு விலை வைக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, மொத்தத் திடச்சத்து கிலோவுக்கு 280 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு 4.2, எஸ்.என்.எஃப். 8.3 என்றால் கூட்டுத்தொகை 12.5 சதவீதம், ஒரு கிலோ பாலுக்கு 35 ரூபாய் வரும். அதே பால் 3.6, 7.9 என்று காட்டினால் கூட்டுத்தொகை 11.5 ஆகி விலை 32 ரூபாய் 20 காசுக்கு இறங்கிவிடும். ஒரு மையத்துக்கும் மற்றொரு மையத்துக்கும் இடையே ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக இடம் மாறுகிறவர், தம் பாலின் தரத்தில் கிலோவுக்கு 2 ரூபாய் 80 காசு போவதைக் கவனிக்காமல் விடுவதுண்டு.

மேற்கண்ட கணக்கில் ‘ஒரு கிலோ’ என்று வந்ததைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ எடை இருக்கும். விலை கிலோவுக்கா லிட்டருக்கா, அளப்பது தராசிலா லிட்டர் அளவையிலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஊற்றத் தொடங்குவது தவறு. கிலோவுக்குச் சொன்ன விலையை லிட்டரில் அளந்து கொடுத்தால் நூற்றுக்கு மூன்று ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். நாளொன்றுக்கு 20 லிட்டர் ஊற்றும் வீட்டில் இது மாதத்துக்கு 18 கிலோ பாலின் விலை.

பரிசோதனை நடக்கும் முறையிலும் ஊற்றுபவர் அறிந்திருக்க வேண்டிய சில நுட்பங்கள் உள்ளன. லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி. சூடான பாலில் அது சற்று ஆழமாக இறங்கிக் குறைந்த அளவைக் காட்டும். கறந்த உடனே, நுரையும் காற்றும் அடங்காத பாலிலும் அளவு குறைவாகவே வரும். ஒரு புள்ளி குறைந்தால் எஸ்.என்.எஃப். ஏறக்குறைய கால் சதவீதம் குறைந்துவிடும் என்பதால், வெப்பநிலைக்கான திருத்தம் செய்யப்படுகிறதா என்று சங்கத்தில் கேட்பது ஒவ்வோர் உறுப்பினரின் உரிமை. தானியங்கி கருவி வைத்துள்ள இடங்களில் அது முறையாகக் கழுவப்பட்டு, அளவு சரிபார்க்கப்படுகிறதா என்பதே கேட்க வேண்டியது. கேனில் உள்ள பாலை நன்றாகக் கலக்கிய பிறகே சாம்பிள் எடுக்க வேண்டும். ஏடு மேலே மிதக்கும் பாலில் மேலாக எடுத்தால் ஒரு முடிவும் அடியிலிருந்து எடுத்தால் வேறொரு முடிவும் வரும்.

கறவையிலும் இதே கதைதான். முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் வடிக்கும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. வாசலுக்கு வரும் பால்காரர் அவசரமாகக் கறந்துவிட்டு மடியில் மிச்சம் வைத்துப் போனால் மதிப்புள்ள பாலைக் கன்று குடிக்கும், மாட்டுக்கு மடிநோய் வரும் வாய்ப்பும் கூடும். முதல் பாதியை வியாபாரத்துக்கும் கடைசிப் பாதியை வீட்டுக்கும் என்று பிரித்துக்கொள்ளும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வீட்டுக் காப்பி நன்றாக இருக்கும், சங்கத்து ஃபேட் அளவு இருக்காது.

தீவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இது சேலத்துக்கே உரிய தவறு. ஜவ்வரிசி ஆலைகள் மிகுந்த மாவட்டம் என்பதால் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான மரவள்ளிக்கிழங்குத் திப்பி இங்கு மலிவாகக் கிடைக்கிறது. மாடுகளும் விரும்பித் தின்னும், வயிறும் நிறையும். ஆனால் திப்பியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. புரதம் மிகச் சொற்பம். விலை சரிந்த மாதங்களில் முதலில் வெட்டப்படுவது புண்ணாக்கும் கலப்புத் தீவனமும்தான். அந்த இடத்தைத் திப்பி பிடித்துக்கொள்கிறது. பாலின் அளவு உடனே குறையாது என்பதால் மிச்சம் பிடித்துவிட்டதாகத் தோன்றும். சில வாரங்களில் எஸ்.என்.எஃப். இறங்கத் தொடங்கும், மாடு இளைக்கும், சினைப் பிடிப்பது தள்ளிப்போகும். நார்த்தீவனத்தைக் குறைத்துத் திப்பியை மிகுதியாகக் கொட்டினால் வயிற்றில் புளிப்பு ஏறிக் கொழுப்புச் சத்தும் குறையும். திப்பியை ஒதுக்கச் சொல்லவில்லை. சோளத்தட்டு, கம்பு நேப்பியர் போன்ற நார்ச்சத்துடனும், புண்ணாக்கு அல்லது அகத்தி, வேலிமசால் போன்ற புரதத்துடனும், தாது உப்புக் கலவையுடனும் அளவாகக் கொடுத்தால் அதுவும் நல்ல தீவனமே. இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, அதற்கு மேல் உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ என்ற கலப்புத் தீவனக் கணக்கை விலை இறங்கிய காலத்திலும் விட்டுவிடக் கூடாது. எந்தப் பொருளை எதற்கு மாற்றாக எவ்வளவு சேர்க்கலாம் என்பதை அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ, தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டுக்கொள்ளலாம்.

இனி ஒப்பந்தம். சங்கத்தில் ஊற்றுகிறவர்கள் பலர் தங்களுக்கு ஒப்பந்தமே இல்லை என்று நினைக்கிறார்கள். சங்கத்தின் துணைவிதிகளே அந்த ஒப்பந்தம். உறுப்பினராகப் பங்குத்தொகை கட்டும்போதே அவற்றுக்கு இசைந்துவிடுகிறோம். படித்தவர்கள் மிகச் சிலர். வாக்குரிமைக்கும் நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிடுவதற்கும் ஆண்டில் எத்தனை நாள், எவ்வளவு பால் ஊற்றியிருக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. போனஸ் ஊற்றிய பாலின் அளவையொட்டிக் கிடைப்பது. கோடையில் நான்கு மாதம் வெளியே ஊற்றிவிட்டு மழைக்காலத்தில் திரும்பி வருகிறவர், லிட்டருக்குக் கூடுதலாகக் கிடைத்த இரண்டு ரூபாயைச் சொல்லுவார்; அந்த மாதங்களுக்கான போனஸ், ஊக்கத்தொகை, சலுகை விலைத் தீவனம், கால்நடை மருத்துவ உதவி, செயற்கை முறைக் கருவூட்டல் சேவை ஆகியவற்றின் மதிப்பை அதிலிருந்து கழித்துப் பார்க்க மாட்டார். கழித்த பின்னும் தனியாரிடம் கூடுதலாகக் கிடைக்கும் நிலை உண்டு. அப்போது மாறுவதில் குற்றமில்லை.

மாட்டுக் கடன் வாங்கியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. சங்கத்தின் மூலம் வங்கிக் கடன் பெற்று, தவணையைப் பால் பணத்தில் பிடித்துக்கொள்ள இசைவு கொடுத்தவர் திடீரென்று பாலை வேறிடத்துக்கு மாற்றினால் தவணை நின்றுபோகும். வங்கிக் கணக்கில் அது கடன் தவறிய பதிவாக ஏறும். இதைவிட இறுக்கமான முடிச்சு, பால்காரரோ சேகரிப்பு முகவரோ கொடுக்கும் முன்பணம். வட்டியில்லை என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். முன்பணம் தீரும்வரை வேறிடத்தில் ஊற்றக் கூடாது என்பதால், அவர் வைக்கும் விலையும் அவர் காட்டும் ஃபேட் அளவுமே முடிவு. ஊர் விலையைவிட லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்துக் கொடுத்தால், நாளொன்றுக்கு 10 லிட்டருக்கு மாதம் 900 ரூபாய் வட்டியாகப் போகிறது. 30,000 ரூபாய் முன்பணத்துக்கு அது மாதம் மூன்று வட்டி.

நிறுவனங்கள் நேரடியாக ஆண்டு ஒப்பந்தம் பேச வந்தால் வாய்ச்சொல்லில் முடிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2019-ல் இயற்றப்பட்ட ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் விளைபொருள்களோடு கால்நடைப் பொருள்களையும் உள்ளடக்கியது. எழுத்தில் இருக்க வேண்டியவை சிலவே: விலைக் கணக்கிடும் முறை, குறைந்தபட்ச விலை, பட்டுவாடா நாள், பால் மிகும் மாதங்களிலும் முழு அளவையும் எடுத்துக்கொள்ளும் உறுதி, பால் திருப்பப்பட்டால் காரணம் தெரிவிக்கும் முறை. இவற்றுள் முழு அளவையும் எடுத்துக்கொள்ளும் உறுதியைத்தான் நான் முதலில் தேடுவேன், ஏனெனில் விலை குறைந்தாலும் பால் விற்கும். எடுக்க ஆளில்லாத பாலைச் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும்.

சேர்வராயன் மலையில் இந்த உறுதிக்கு இன்னும் மதிப்பு அதிகம். ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் காப்பித் தோட்டங்களுக்கிடையே ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்கள்தான் மிகுதி. ஊருக்கு ஊர் கிடைக்கும் பால் குறைவு, வண்டிச் செலவு அதிகம். குளிர்ச்சியால் பால் சீக்கிரம் கெடாது என்பது உண்மையே. அதை நம்பி மாலைப் பாலை இரவெல்லாம் வைத்துக் காலைப் பாலோடு கலந்து கொடுப்பது தவறு, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலத்து வெயிலில் நிற்கும்போது பழைய பால் புதியதையும் சேர்த்துப் புளிக்க வைக்கும். விடுதிகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் நல்ல விலையில் ஊற்றுபவர்கள், கோடைக் கூட்டத்தின் தேவையை வைத்து மாட்டின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறார்கள். மழை மாதங்களில் அறைகள் காலியாக இருக்கும்போது மாடு கறப்பதை நிறுத்தாது. மாடு வாங்கும் முன் அந்த மாதங்களில் பாலை எடுக்க வண்டி வருமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் கண்ணில் படாத இழப்பு ஒன்று உண்டு. ஓர் ஈற்றில் 3,000 லிட்டர் கறக்கும் மாடு 13 மாதத்துக்கு ஒரு முறை ஈன்றால், சராசரியாக நாளொன்றுக்கு 7.6 லிட்டர். சினை தள்ளிப்போய் 15 மாதமானால் அது 6.6 லிட்டராகிவிடும். கறவை சற்று நீளும் என்று விட்டுக்கொடுத்தாலும், லிட்டர் 38 ரூபாய்க் கணக்கில் நாளுக்கு 30 ரூபாயை ஒட்டிய இழப்பு இது. முகவர் கூட்டித் தருவதாகச் சொல்லும் 2 ரூபாய் 6.6 லிட்டருக்கு 13 ரூபாய்தான். பருவம் பார்த்துக் கருவூட்டல் செய்வது, மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை செய்வது ஆகியவற்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டு லிட்டருக்கு ஒரு ரூபாய் உயர்வுக்காகக் காத்திருப்பவர்கள் குறைவல்லர்.

பதிவுகள் குறித்துச் சுருக்கமாக: ஒவ்வொரு வேளையும் அளவு, ஃபேட், எஸ்.என்.எஃப்., தொகை நான்கும் அச்சிட்ட சீட்டிலோ பால் அட்டையிலோ வாங்கிக்கொள்ள வேண்டும். ஊக்கத்தொகை தனியாக வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதால், உறுப்பினரின் பெயரிலேயே ஆதார் இணைந்த கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கணவர் பெயரில் உறுப்பினர், மனைவி கையில் பால் கேன் என்ற வீடுகளில் இது அடிக்கடி தவறுகிறது. தொடர்ந்து அளவு குறைவாக வந்தால் வாய்ச்சண்டை போடாமல், ஒரு பட்டுவாடாக் காலத்துச் சீட்டுகளைச் சேர்த்துச் சங்கச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். தீராவிட்டால் மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியத்தின் விரிவாக்க அலுவலர், அதற்கு மேல் சேலத்தில் உள்ள பால்வளத் துணைப் பதிவாளர் என்று மனு போகும். சீட்டு இல்லாத மனுவை வைத்து அவர்களாலும் எதையும் சரிபார்க்க இயலாது.