மழலையர் கல்விப் பணிக்கு ஆயத்தமாவது எப்படி?

சிறு குழந்தைகளோடு பணியாற்ற விரும்பும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் சான்றிதழ் படிப்பில் சேரலாம் என்பதைத்தான். அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் ஊர் அங்கன்வாடிக்கோ அருகிலுள்ள மழலையர் பள்ளிக்கோ சென்று, பொறுப்பாளரின் அனுமதியோடு பத்து நாட்களாவது ஓர் ஓரமாக அமர்ந்து, குழந்தைகள் செய்வதைக் கவனித்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ‘சுட்டிப் பையன்’ என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. ‘புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டான்; பக்கத்துக் குழந்தை கை நீட்டியதும் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்’ என்று எழுதினால் அது கவனிப்பு. இந்தப் பழக்கம் கைவராதவருக்கு எந்தப் படிப்பும் முழுப் பயன் தராது என்பது என் உறுதியான கருத்து.

அரசுப் பணியை நாடுவோருக்கு அங்கன்வாடிதான் பெரிய வாயில். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 2025இல் வந்த அறிவிப்பின்படி, பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 25 முதல் 35 வரையிலான வயதும், உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 20 முதல் 40 வரையிலான வயதும் தகுதியாகக் கேட்கப்பட்டன. கைம்பெண்கள், ஆதரவற்ற பெண்கள் போன்றோருக்கு வயதில் தளர்வு உண்டு. அந்த அறிவிப்பில் பணியாளருக்கு முதல் ஓராண்டு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதன் பிறகே காலமுறை ஊதியம். மையம் இருக்கும் ஊரிலோ அதை ஒட்டிய பகுதியிலோ வசிப்பவருக்கே இடம் என்பதால், குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் முகவரி சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

தனியார் பள்ளிகளை நாடுவோர், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டு மழலையர் கல்விப் பட்டயத்தையோ, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பட்டயத்தையோ கருதலாம். மாண்டிசோரிப் பயிற்சிக்கு நம் மண்ணிலேயே நீண்ட வரலாறு உண்டு. இந்தக் கல்விமுறையை உருவாக்கிய இத்தாலியரான மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குத் தாமே பயிற்சியளித்தார். எந்த நிறுவனமானாலும், பணம் கட்டும் முன், குழந்தைகளோடு நேரடிப் பயிற்சி எத்தனை நாட்கள் என்று கேளுங்கள். நான் சேர்ந்த முதல் பயிற்சி நிலையத்தில் ஆறு மாதங்களில் ஒரு குழந்தையைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. அழும் குழந்தையை எப்படித் தேற்றுவது என்று தெரியாமலேயே சான்றிதழோடு வெளியே வந்தேன்.

பயிற்சிக் காலத்தில் கைத்திறனுக்கே அதிக நேரம் கொடுங்கள். தாளத்தோடு பாட முப்பது பாடல்களும், நூல் பார்க்காமல் சொல்லப் பத்துக் கதைகளும் நாவில் நிற்க வேண்டும். விளையாட்டுப் பொருள்களைக் கடையில் தேட வேண்டியதில்லை. களிமண், துணித்துண்டு, மூடிகள், ஈர்க்குச்சி போதும். மூன்று வயதில் பென்சில் பிடிக்க வைக்கும் அவசரம் பல பள்ளிகளில் இருக்கிறது. அது தவறு. மாவு உருட்டி, காகிதம் கிழித்து, துணி பிழிந்து விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் வலு வந்த பிறகே எழுத்து இயல்பாக வரும். ‘என் பிள்ளைக்கு இன்னும் அ, ஆ எழுத வரவில்லையே’ என்று கேட்கும் தாயிடம் இதைப் பொறுமையாக விளக்கத் தெரிவதும் இந்தப் பணியின் பகுதியே. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை விளையாட்டுவழிக் கற்றலுக்குரிய ஒரே கட்டமாகவே கொள்கிறது.

உடல்நலமும் பாதுகாப்பும் பின்னர் பார்த்துக்கொள்ளக் கூடியவை அல்ல. எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கப் பழகுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் மேல்கை நடுப்பகுதியின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைவு. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். தொண்டையில் பொருள் சிக்கினால் செய்ய வேண்டிய முதலுதவியை ஒரு செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். படித்து மட்டும் அது வராது. மூன்று வயது நிரம்பாத குழந்தை இருக்கும் அறையில் நான் மேலே சொன்ன புளியங்கொட்டைகூட இருக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றமே. குழந்தைகள் உதவி எண் 1098ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நேர்காணலுக்குச் செல்லும்போது சான்றிதழ்களோடு அந்தக் கவனிப்பு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைகளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கப்படும்போது, அதிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.