இக்காரியா தீவுக்குப் போகிறவர்களுக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து சில குறிப்புகள்

கிரேக்க நாட்டின் இக்காரியா தீவுக்குப் போய்வந்தேன் என்று அறிந்ததும், மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் நண்பர்கள் முதலில் விசாரிப்பது விமானச் சீட்டின் விலையைத்தான். கப்பல் எந்தத் துறைமுகத்தில் அணைகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இரண்டு பயணங்களில் ஏழு வாரங்கள் அங்கே தங்கியவன் என்ற முறையில், அந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஏனெனில் அந்தத் தீவில் மற்றெல்லாத் திட்டங்களும் கப்பலுக்கும் காற்றுக்கும் அடங்கித்தான் நடக்கின்றன.

இக்காரியா ஏஜியன் கடலின் கிழக்குப் பகுதியில், சாமோஸ் தீவுக்கு மேற்கே இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 255 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 8,000க்குச் சற்று அதிகம். ஆயிரம் மீட்டரைத் தாண்டும் அத்தேராஸ் மலைத்தொடர் தீவின் நீளத்துக்கும் படுத்துக்கிடந்து, வடகரையையும் தென்கரையையும் இரண்டு ஊர்களாகவே பிரித்துவிட்டது. தெற்கே தலைநகரான ஆகியோஸ் கிரிகோஸ், வடக்கே எவ்திலோஸ் என இரண்டு துறைமுகங்கள் உள்ளன. ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் நாளைப் பொறுத்து இவற்றில் ஒன்றில் அணையும். இவற்றுக்கிடையே மலைவளைவுகளில் ஒரு மணி நேரப் பயணம். முதல் முறை நான் வடகரையில் அறை எடுத்துவிட்டு, விடியலுக்கு முன் தென்கரையில் இறங்கி, பெட்டியின்மேல் உட்கார்ந்து பொழுது புலரக் காத்திருந்தேன். அறை பதிவு செய்த இணையத்தளம் வெறுமனே ‘இக்காரியா துறைமுகத்திலிருந்து பத்து நிமிடம்’ என்று எழுதியிருந்தது. ஆகவே கப்பல் சீட்டில் துறைமுகத்தின் பெயரைப் பார்த்த பிறகே அறையைத் தேடுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து ஏதென்ஸுக்குப் போக இஸ்தான்புல், தோஹா, துபாய் ஆகியவற்றுள் ஒன்றில் விமானம் மாறுவதே வழக்கம். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மூன்றாம் தடத்து மெட்ரோ ரயில் 2022 முதல் பிரேயஸ் வரை நேராகப் போகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து கப்பலில் ஆறு முதல் ஒன்பது மணி நேரம். ஏதென்ஸிலிருந்து தீவுக்குச் சிறிய விமானங்களும் உண்டு. ஆனால் வடகிழக்கு முனையில் இருக்கும் அந்த ஓடுபாதையும் காற்றின் தயவில் இருப்பதுதான்.

அந்தக் காற்றுக்கு மெல்தெமி என்று பெயர். சூலையிலும் ஆகஸ்டிலும் வானம் ஒரு துளி மேகமின்றி நீலமாக இருக்கும்போதே வடக்கிலிருந்து நாட்கணக்கில் வீசும். நம் ஊரில் புயல் என்றால் முன்னால் இருட்டிக்கொண்டு வரும்; அங்கே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்க, கப்பல் வராது என்பார்கள். காற்று கடுமையாகும்போது துறைமுக அதிகாரிகள் போக்குவரத்துக்குத் தடை விதிப்பார்கள். அந்தத் தடைக்குக் கிரேக்கர்கள் சொல்லும் ‘அபகொரெஃப்திகோ’ என்ற சொல்லை ஊரை விட்டுப் புறப்படும் முன்பே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. என் முதல் பயணத்தின் கடைசியில் இந்தத் தடை இரண்டு நாள் நீடித்தது. ஏதென்ஸிலிருந்து திரும்ப வேண்டிய விமானம் என்னை விட்டுவிட்டுப் போனது. விமான நிறுவனம் ஒரு காசு திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து என் விதி இதுதான்: தீவிலிருந்து புறப்படும் நாளுக்கும் நாடு திரும்பும் நாளுக்கும் இடையே குறைந்தது இரண்டு இரவுகளை ஏதென்ஸில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. மே மாதக் கடைசியும் சூன் மாதமும் நடைக்கு உகந்தவை. செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டமும் வடிந்துவிடும். ஆகஸ்டில் அறை கிடைப்பது அரிது. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் விசா இல்லாமல், கிரேக்கமும் சேர்ந்த ஐரோப்பாவின் ஷெங்கன் உடன்பாட்டு நாடுகளில் தங்கலாம், ஆனால் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் மட்டுமே. வழியில் இத்தாலியிலோ பிரான்சிலோ கழித்த நாட்களும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மூட்டை கட்டுவதைப் பற்றி வீட்டுப் பெண்மணிகள் கேட்கும் கேள்விகளுக்குத் தனியே விடை சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் பயணிகள் கொண்டுவரக் கூடாது என்பதால் நெய்ப் புட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி ஆகியவற்றுக்குத் தடையில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் தேவைப்படாத ஐந்து பழங்களின் பட்டியலில் டுரியானும் இருக்கிறது என்பது வேடிக்கை. சட்டம் விட்டாலும் அதன் வாடைக்காக விமானம் விடாது. மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது, மாற்றி ஒன்று தேவை. கழிப்பறைக் குழாய்கள் குறுகலானவை என்பதால் தாளைத் தொட்டியில் போடாமல் கூடையில்தான் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் முடியாது என்பவர்கள் சிறிய பிளாஸ்டிக் கப் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

கார் வாடகைக்கு எடுப்போர் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. அலுவலகத்தில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்துச் செல்ல வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தானியங்கிக் கியர் வண்டிகள் குறைவு. வளைவில் திரும்பினால் நடுச்சாலையில் ஆடுகள் நிற்கும். கேமரன் மலைக்குத் தாப்பா வழியாக ஓட்டிப் பழகியவர்களுக்கு அஞ்ச ஒன்றுமில்லை, ஆனால் ஓரத்தில் தடுப்புக் கம்பி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

உணவைப் பொறுத்தவரை, கிரேக்கத்தில் சைவர்கள் பட்டினி கிடக்க நேரும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அது தவறு. கிரேக்கத் திருச்சபையில் விரத நாட்கள் ஏராளம்; விரதச் சாப்பாட்டுக்கு ‘நிஸ்தீசிமோ’ என்று பெயர். அந்தச் சொல்லைச் சொன்னால் இறைச்சி, மீன், முட்டை, பால் கலவாத உணவு கிடைக்கும். ஆனால் கணவாயும் இறாலும் விரதத்துக்கு ஆகும் என்பதால், அவையும் வேண்டாம் என்று தனியே சொல்லிவிட வேண்டும். கத்திரிக்காய், பூசணி இனத்தைச் சேர்ந்த சுக்கினி, குடைமிளகாய் ஆகியவற்றை ஆலிவ் எண்ணெயில் வதக்கும் ‘சூஃபிகோ’ அத்தீவுக்கே உரியது. கொண்டைக்கடலையும் தட்டைப்பயறும் அன்றாட உணவு. கோடையில் ‘வ்லீத்தா’ என்று ஒரு தட்டு வைத்தார்கள். ஆவி பறக்க வந்ததைக் கிளறிப் பார்த்தால் நம் பசாரில் பாயாம் என்று விற்கும் முளைக்கீரையின் இனம், தண்டோடு வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து, எண்ணெய் ஊற்றியது. மிளகாயும் வெங்காயமும் இல்லாத குறையைத் தவிர, ரப்பர் தோட்டத்து வீட்டில் என் அம்மா ஆக்கியதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

அடுத்து நேரம். கோடையில் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்தரை வரை அமைதி நேரம். அப்போது யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். மலைமேல் இருக்கும் கிறிஸ்தோஸ் ராக்கேஸ் என்ற ஊரில் நிலைமை இன்னும் விசித்திரமானது. பகலில் கடைத்தெரு உறங்கும். இரவு பத்து மணிக்குமேல் ரொட்டிக் கடையில் விளக்கு எரியும், பிள்ளைகள் சதுக்கத்தில் பந்து விளையாடுவார்கள், தச்சர் அப்போதுதான் பட்டறையைத் திறப்பார். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்து பால்மரம் வெட்டப் போன குடும்பத்தில் பிறந்த எனக்கு இது பொறுக்க முடியாத சோம்பலாகத்தான் முதலில் தோன்றியது. நான்காம் நாள்தான், வெயில் தணிந்தபின் அவர்கள் தோட்டவேலை செய்துவிட்டு இரவில் கடைக்கு வருகிறார்கள் என்பது புரிந்தது. ஆகவே ரொட்டியும் மருந்தும் தீரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கோடைக் காலத்தில் ஊர்தோறும் புனிதர் பெயரால் ‘பனியீரி’ என்னும் திருவிழா நடக்கும். ஆகஸ்ட் 15 அன்று லங்காதாவில் நடப்பது பேர்பெற்றது. ஊரார் ஆடு வேகவைத்து விற்று, அந்தப் பணத்தை ஊர்ப் பொதுச் செலவுக்கு வைத்துக்கொள்வார்கள். நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் போலவே அதற்கும் நுழைவுச் சீட்டு இல்லை, அழைப்பும் தேவையில்லை. ஆனால் வந்து வேடிக்கை மட்டும் பார்த்துப் படம் எடுத்துப் போகிறவரை அவர்களுக்கும் பிடிக்காது. மேசையில் இடம்பிடித்து, ஏதேனும் வாங்கிச் சாப்பிட்டு, வட்ட ஆட்டத்தில் கை கோத்துக்கொள்ளுங்கள். மேசையில் இடம் விடுவது அங்கே பழைய வழக்கம். 1940களின் பிற்பகுதியில், உள்நாட்டுப் போர்க்காலத்தில், இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடராக்கிஸ் உட்பட ஆயிரக்கணக்கான இடதுசாரிகளை அரசு அத்தீவுக்கு நாடுகடத்தியது. வறுமையில் இருந்த தீவு மக்களே அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். 1948 சூன் 16 அன்று எங்கள் ஊரின் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு, மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்ததும் அதே ஆண்டுகளில்தான். இதை ஒரு முதியவரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னபோது, அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அத்தீவு மக்கள் நெடுநாள் வாழ்பவர்கள் என்று கேள்விப்பட்டு அந்த நீண்ட ஆயுளின் இரகசியம் தேடிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அங்கே மூலிகைத் தேநீர் சுவையாக இருக்கும். தெர்மா என்ற ஊரில் உள்ள வெந்நீர் ஊற்றுகளில் ரேடான் என்னும் கதிரியக்க வாயு இயற்கையாகவே கலந்திருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

ஒரு பருவமாவது வாழ்ந்து பார்க்க நினைப்பவர்களுக்கு 90 நாட்கள் போதாது. கிரேக்க நாட்டு விசா தேவை. இணையவழி வேலை செய்வோருக்கான விசாவை 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்தியது. மாத வருமானம் 3,500 யூரோ காட்ட வேண்டும், வேலை கொடுப்பவர் கிரேக்கத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்குப் பின், வரி எண்ணான ஆ.ஃபி.மி. பெறாமல் வாடகை ஒப்பந்தம் முதல் வங்கிக் கணக்கு வரை எதுவும் நகராது. ஆகியோஸ் கிரிகோஸில் மருத்துவமனை உண்டு. பெரிய நோய்க்குத் தீவை விட்டு வெளியேற வேண்டும், அதற்கும் கடலும் காற்றும் இசைய வேண்டும். நாட்பட்ட நோய் உள்ளவர்கள் இதை வாடகையைவிட முன்னால் யோசிக்க வேண்டும்.

வீட்டைக் கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கல் வீடுகள் வெயிலில் குளுமையாக இருக்கும், குளிர்காலத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும். எனக்கு வீடு காட்டிய பாட்டி, நான் முற்றத்துத் திராட்சைக் கொடியைப் புகழ்ந்துகொண்டிருக்க, என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப்போய், கூரைக்குக் கீழே கறுத்திருந்த சுவரைக் காட்டினார். பிறகு விறகு அடுக்கியிருந்த மூலையைக் காட்டி, மார்பளவுக்குக் கை உயர்த்தி, அக்டோபருக்குள் இவ்வளவு சேர்த்தாக வேண்டும் என்று சைகையால் சொன்னார்.