யிட்டெர்பியம் டைட்டனேட் படிகத்தை டைலூஷன் ஃபிரிட்ஜில் வைப்பதற்கு முன்

யிட்டெர்பியம் டைட்டனேட் ஒரு ஃபிரஸ்ட்ரேட்டட் காந்தம். இத்தகைய காந்தங்களில் ஒவ்வொரு ஸ்பின்னாலும் (அணுவின் நுண்காந்தம்) பக்கத்து ஸ்பின்கள் எல்லாவற்றோடும் ஒருசேர ஒத்துப்போக முடியாது; பல ஸ்பின் அமைப்புகள் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் போட்டி போடுகின்றன. அதனால் நூற்றில் ஒன்றிரண்டு அணுக்கள் இடம் மாறி உட்கார்ந்தாலே, டைலூஷன் ஃபிரிட்ஜ் தரும் கடுங்குளிரில் (ஒரு கெல்வினுக்கும் வெகு கீழே) படிகம் வேறொரு பொருளைப் போல நடந்துகொள்ளும். என் முதல் படிகத்தின் தன்வெப்ப (வெப்பநிலையைச் சற்று உயர்த்தத் தேவைப்படும் வெப்பம்) வரைபடத்தில் 0.2 கெல்வின் பக்கம் அகலமான ஒரு மேடு வந்தது. அதைப் புதிய காந்த நிலை என்று இரண்டு மாதம் நம்பினேன். பிறகு அந்தப் படிகத்துக்காகச் சுட்டு வைத்த தூளை அளந்தேன். 0.26 கெல்வினில் ஊசி போல ஓர் உச்சி எழுந்தது. அந்த மேடு புதிய நிலை அல்ல, படிகத்தின் குறை. அதே தவறு உங்களுக்கு நேராமல் இருக்கத்தான் இந்தப் படிகள்.

படி 1: யிட்டெர்பியம் ஆக்ஸைடு ஈரத்தை இழுக்கும். எடை போடுவதற்கு முன் ஓர் இரவு 1000 டிகிரி செல்சியஸில் சுடுங்கள். இங்கே எடை பிசகினால் பின்னால் எதுவும் சரியாகாது.

படி 2: அதை டைட்டேனியம் ஆக்ஸைடோடு கலந்து அரைத்து, அழுத்தி, சுட்டு, மறுபடி அரையுங்கள். முடிந்ததும் ஒரு கிராம் தூளைத் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் அளவுகோல் அதுதான்.

படி 3: சாதாரண ஃப்ளோட்டிங் ஸோன் முறையில் (தண்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் உருக்கி, அந்த உருகலை மெல்ல நகர்த்தி) வளரும் படிகத்தில் டைட்டேனியம் சற்றுக் குறைந்து, அதன் இடத்தில் யிட்டெர்பியம் போய் உட்காருகிறது. 2012இல் வெளியான நியூட்ரான் ஆய்வு ஒன்றில், அப்படி வளர்த்த படிகத்தில் டைட்டேனியம் இடங்களில் ஏறத்தாழ 2.3 சதவீதம் யிட்டெர்பியம் இருந்தது. உருகும் பகுதியில் எடையில் 30 சதவீதம் ரூட்டைல் (டைட்டேனியம் டை ஆக்ஸைடு) சேர்த்து வளர்த்தால் விகிதம் சரியாக வருகிறது. நேரம் அதிகம் பிடிக்கும்தான், ஆனாலும் நான் இனி வேறு முறையைத் தொட மாட்டேன். வளர்ந்ததை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல படிகம் கண்ணாடி போல நிறமற்று இருக்கும். மஞ்சளோ சிவப்போ ஏறியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

படி 4: நான் சறுக்கிய இடம் இது. எக்ஸ் கதிர் வரைபடத்தில் வேற்றுக் கோடு ஒன்றுகூட இல்லை, அதனால் படிகம் சுத்தம் என்று முடிவு கட்டினேன். கூடுதல் யிட்டெர்பியம் தனிச் சேர்மமாகப் பிரிந்து நின்றால்தானே வேற்றுக் கோடு வரும்? அது படிகக் கூட்டுக்குள்ளேயே (படிகம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி) நுழைந்து, கூட்டைக் கொஞ்சம் விரிக்கிறது. கூட்டின் பக்கம் சுமார் 10.03 ஆங்ஸ்ட்ராம். மாற்றமோ இரண்டாம், மூன்றாம் தசம இடத்தில்தான் தெரியும். தட்டில் தூள் ஒரு மயிரிழை உயர்ந்திருந்தாலும் அதே அளவுப் பிழை வந்துவிடும். ஆகவே சிலிக்கான் தூளைக் கலந்தே அளவெடுங்கள். சிலிக்கான் கோடுகள் எங்கே விழ வேண்டும் என்பது தெரிந்ததுதான், அதை வைத்து மற்றவற்றைத் திருத்தலாம். அப்புறம், ஃபிரிட்ஜுக்குப் போகும் துண்டுக்குப் பக்கத்திலிருந்தே அரைக்கத் துணுக்கு எடுங்கள். ஒரே படிகத்தின் இரு முனைகளும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

படி 5: இப்போது தன்வெப்பம். தூளை வெள்ளித் தூளோடு கலந்து அழுத்துங்கள், இல்லையென்றால் உள்ளே குளிர் இறங்காது. வெள்ளியின் பங்கைக் கழித்துவிட்டு என்ட்ரோபியை (ஸ்பின்களின் ஒழுங்கின்மையின் அளவு) கூட்டினால், ஒரு மோல் யிட்டெர்பியத்துக்கு ஏறத்தாழ 5.76 ஜூல்/கெல்வின் வர வேண்டும். 0.1 கெல்வினுக்குக் கீழே அணுக்கருவின் பங்கு தலைகாட்டும், அதை இதில் சேர்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: நல்ல தூளிலும் உச்சி மழுங்கியே வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சிக்கல், தன்வெப்பத்தை அளக்க அவர் கொடுத்த சிறு வெப்பத் துடிப்பின் அளவில் இருந்தது. இது முதல் வகை நிலைமாற்றம், பனி உருகுவது போலச் சட்டென நடப்பது. பெரிய துடிப்பு உச்சியைத் தாண்டிக் குதித்து, அதைச் சராசரியாக்கிவிடும். 0.25 முதல் 0.28 கெல்வின் வரை துடிப்பால் வெப்பநிலை ஏறுவதை ஒரு சதவீதத்துக்குக் கீழே வைத்ததும் அவருக்கு ஊசி உச்சி கிடைத்தது.

ஆக்சிஜனில் சுட்டால் படிகம் சரியாகிவிடுமா என்றும் சிலர் கேட்டார்கள். ஆக்சிஜன் குறைபாடு நீங்கும், நிறமும் வெளுக்கும். இடம் மாறிய யிட்டெர்பியம் அசையாது. எனவே நிறம் போன பிறகும் படி 4ஐ மறுபடி செய்யுங்கள்.