எண்ணெய் நிறுவனத்தின் ஐந்தொகையைப் படிக்கும் முறை

ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்திய மேலாள் அனுப்பிய ஐந்தொகையை, முதலாளி ஊரிலிருந்தபடியே வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்டது செட்டிநாட்டின் பழைய வழக்கம். அதே கண்ணோடு, காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்துகொண்டு எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் பங்குகளை வாங்க நினைப்பவர்களுக்காக இக்குறிப்பை எழுதுகிறேன். கடைசி வரியிலுள்ள நிகர லாபத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவரை இந்தத் துறை எளிதில் ஏமாற்றிவிடும்.

முதலில், அந்த நிறுவனம் எண்ணெயை எடுத்து விற்கிறதா, வாங்கிச் சுத்திகரித்து விற்கிறதா என்று பாருங்கள். ஓஎன்ஜிசியும் ஆயில் இந்தியாவும் எடுப்பவை. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் வாங்குபவை. நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதியாவதால், உலக விலை ஏறும்போது எடுப்பவருக்கு வரவு கூடுகிறது. வாங்குபவருக்கோ அதே ஏற்றம் பல நேரங்களில் சுமையாகிறது. ஓஎன்ஜிசி 2018-இல் இந்துஸ்தான் பெட்ரோலியத்தை வாங்கிவிட்டபடியால், அதன் ஒருங்கிணைந்த கணக்கில் இவ்விரண்டும் கலந்து கிடக்கும். கிணறுகளின் உண்மையான வருவாயை அறியத் தனிக் கணக்கையே எடுத்துப் படிக்க வேண்டும்.

சுத்திகரிப்பு நிறுவனமானால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஜிஆர்எம் எனப்படும் மொத்தச் சுத்திகரிப்பு லாப அளவு. 159 லிட்டர் கொண்ட ஒரு பீப்பாய்க் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பெட்ரோல், டீசல் முதலியவற்றின் மதிப்புக்கும், அந்தக் கச்சா எண்ணெயின் அடக்க விலைக்கும் உள்ள வேறுபாடே அது. டாலர் கணக்கில் சொல்லப்படும். அந்த எண்ணில் சரக்கிருப்பு ஆதாயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். இன்று வாங்கிய எண்ணெய் கப்பலில் வந்து, தொட்டியில் தங்கி, பெட்ரோலாக விற்பனைக்குப் போவதற்குள் வாரக்கணக்கில் நாள் ஆகிறது. களஞ்சியத்தில் நெல் கிடக்கும்போது விலை ஏறினால் வியாபாரிக்குக் கிடைக்கும் லாபத்தைப் போன்றதே இதுவும். திறமையால் வந்ததன்று, விலை இறங்கினால் அப்படியே திரும்பிப் போய்விடும். 2020 மார்ச்சில் முடிந்த காலாண்டில், கச்சா எண்ணெய் விலை சரிந்ததால் இருப்பின் மதிப்புக் குறைந்து, இந்தியன் ஆயில் ரூ.5,185 கோடி நட்டம் காட்டியதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இந்தச் சரக்கிருப்பு ஆதாயத்தையும் நட்டத்தையும் நீக்கிவிட்டு மிஞ்சும் ஜிஆர்எம்தான் ஆலையின் தரத்தைச் சொல்லும்.

இதைவிடச் சிக்கலானது பங்க்கில் விற்கும் விலை. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-இலும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014-இலும் நீக்கப்பட்டன. 2017 ஜூன் முதல் நாள்தோறும் விலையை மாற்றும் முறையும் வந்தது. ஏட்டில் இப்படியிருந்தும், 2022-இல் உலக விலை உச்சத்துக்குப் போனபோது இங்கே விற்பனை விலை மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. அதன் விளைவாக இந்துஸ்தான் பெட்ரோலியம் 2022-23-இல் ஏறத்தாழ ரூ.9,000 கோடி நட்டமும், உலக விலை தணிந்த மறு ஆண்டிலேயே ரூ.14,000 கோடிக்கு மேல் லாபமும் காட்டியது. நிர்வாகம் ஓராண்டுக்குள் மாறிவிடவில்லை. இந்நிறுவனங்களில் இறுதிச் சொல் யாருடையது என்பதை அறியப் பங்குதாரர் பட்டியலைப் புரட்டுங்கள். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் ஆகியவற்றில் குடியரசுத் தலைவர் பெயரால் மைய அரசே பெரும்பங்கை வைத்திருக்கிறது. தேர்தல் நெருங்கும் ஆண்டில் கணக்கைப் படிப்பவர் இதை மறக்கலாகாது என்பது என் கருத்து.

எடுக்கும் நிறுவனங்களில் பார்க்க வேண்டியவை குறைவு. ஆண்டு உற்பத்தி கூடுகிறதா, எடுத்த அளவுக்கு ஈடாக நிலத்தடியில் புதிய எண்ணெய் இருப்பு கண்டுபிடிக்கப்படுகிறதா, ஒரு பீப்பாய்க்குக் கையில் வந்த விலை என்ன என்ற மூன்றும் போதும். ஓஎன்ஜிசியின் பெரிய வயலான மும்பை ஹை 1974-இல் கண்டுபிடிக்கப்பட்டது என்பதால், முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை எளிதாகக் கிடைக்காது. எரிவாயுவின் விலையில் பெரும்பகுதியை அரசு வகுத்த சூத்திரமும் உச்சவரம்பும் தீர்மானிப்பதால், உலகச் சந்தை ஏற்றம் முழுவதும் நிறுவனத்துக்கு வந்து சேராது.

கடைசியாக, 2019-20 முதலான ஆண்டுகளின் லாபம், கடன், ஈவுத்தொகை ஆகியவற்றை ஒரே தாளில் அருகருகே எழுதிக்கொண்டு, அவற்றின் மேல் வரியில் அந்தந்த ஆண்டின் கச்சா எண்ணெய்ச் சராசரி விலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல், பகுப்பாய்வுப் பிரிவு அந்த விலையைத் தவறாமல் வெளியிடுகிறது. லாபம் அந்த வரியோடு ஒட்டியே ஏறி இறங்கினால், சராசரி ஆண்டின் லாபத்தைக் கொண்டே பங்கின் விலையை மதிப்பிட வேண்டும்.