லிட்டில் லீக்கில் பிள்ளையைச் சேர்க்கிறீர்களா? மேல் பிரிவுக்கு அவசரப்படாதீர்கள்

அமெரிக்காவுக்கு வந்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, வீட்டுச் சாமான்களை அடுக்கி முடிப்பதற்குள் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் பதிவு அறிவிப்பு வந்து நிற்கும். வசந்தகால ஆட்டத்துக்குப் பதிவு பெரும்பாலும் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். பிறப்புச் சான்றிதழும் முகவரிக்கான சான்றும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பதிவில் சிரமம் ஒன்றுமில்லை.

சிரமம் அடுத்த கேள்வியில்தான் வருகிறது. "எங்கள் பையன் கிரிக்கெட்டில் கெட்டிக்காரன், பெரிய பிள்ளைகளோடு போட முடியுமா?" நம்மவர்கள் பலருக்குப் பள்ளியில் 'டபுள் புரமோஷன்' வாங்கியது போன்ற பெருமை இதில் இருக்கிறது.

முதலில் வயதுக் கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டின் ஆகஸ்ட் 31 அன்று பிள்ளைக்கு என்ன வயதோ, அதுவே லீக் வயது. ஆகஸ்ட் 20ஆம் தேதி பத்து வயது நிறையப்போகும் சிறுவன், மார்ச் மாதத்தில் ஒன்பது வயதில் ஆடினாலும் அவன் பத்து வயதுக்காரன்தான். செப்டம்பர் 5ஆம் தேதி பத்து நிறையும் அவன் நண்பனோ அந்த ஆண்டு முழுவதும் ஒன்பது வயதுக்காரன். ஆக, கோடையில் பிறந்த பிள்ளைகள் எந்தப் பிரிவில் இருந்தாலும் அங்கே கடைக்குட்டிகள். ஏற்கெனவே மூத்தவர்களோடு ஆடுபவனை இன்னும் ஒரு படி மேலே தள்ளுகிறோமா என்று யோசிக்க வேண்டும். வேறு அமைப்புகளில் இந்தத் தேதி மாறலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிவுகளின் வயது வரம்புகள் ஒன்றோடொன்று மேவி நிற்பதால்தான் இந்தக் குழப்பமே. கம்பத்தில் வைத்த பந்தை அடிக்கும் டீ-பால் 4 முதல் 7 வரை. மைனர்ஸ் 5 முதல் 11 வரை. மேஜர்ஸ் 9 முதல் 12 வரை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மைனர்ஸும் திறந்திருக்கிறது, மேஜர்ஸும் திறந்திருக்கிறது.

உண்மையான எல்லைக்கோடு பிரிவின் பெயரில் இல்லை, பந்தை யார் எறிகிறார்கள் என்பதில் இருக்கிறது. கோச் எறியும்போது பந்து பதமாக வரும். பிள்ளைகளே எறியத் தொடங்கும்போது அது விலாவுக்கும் வரும், தலைக்கும் வரும். மேஜர்ஸில் பந்தை எறியும் பிட்சர் நிற்பது 46 அடி தூரத்தில். மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து சுமார் அரை நொடியில் வந்து சேரும். நம் தெருவில் டென்னிஸ் பந்தில் சிக்ஸர் அடித்த பிள்ளைக்கு, தரையில் குத்தாமல் நேராக வரும் கனத்த பந்து வேறு உலகம். ஒரு தரம் பலமாக அடிபட்டுப் பயந்தவன் அடுத்த ஆண்டு மட்டையைத் தொடவே மறுக்கலாம்.

எனவே ஓட்ட வேகத்தையோ உயரத்தையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். வேகமாக எறிந்த பந்தை முகத்தைத் திருப்பாமல் கையுறையில் பிடிக்கிறானா என்று பாருங்கள். கீழ்ப் பிரிவில் பிட்சராகவும், பந்து அடிக்கடி வரும் ஷார்ட்ஸ்டாப் இடத்திலும் பந்தோடு பந்தாக இருப்பவன், மேலே போனால் பந்து அதிகம் வராத ரைட் ஃபீல்டில் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும். பொதுவாக விதி உறுதி செய்வது ஒரு முறை மட்டை பிடிப்பதையும் எதிரணியின் ஆறு அவுட் வரை களத்தில் நிற்பதையும்தான். இதைத்தான் நான் பெரிய நஷ்டமாகக் கருதுகிறேன்.

மேலே அனுப்பியே ஆகவேண்டிய பிள்ளைகளும் உண்டு. அவன் எறியும் பந்தைச் சக வயதுப் பிள்ளைகளால் பிடிக்க முடியவில்லை என்றால், அவனைக் கீழே வைத்திருப்பதில் மற்றவர்களுக்குத்தான் ஆபத்து. அப்போதும் பிட்சிங் வரம்பு வயதைப் பொறுத்தது, பிரிவைப் பொறுத்ததல்ல: 9, 10 வயதுக்கு நாளுக்கு 75 பந்துகள், 11, 12 வயதுக்கு 85.

பதினொரு வயதில் முதன்முதலாகக் கையுறை மாட்டும் பிள்ளைக்கு நேர் எதிரான கவலை. அவனை மைனர்ஸிலேயே வைக்கும்படி கூச்சப்படாமல் கேளுங்கள். பன்னிரண்டு ஆகிவிட்டால் பொதுவாக மேஜர்ஸ்தான். கீழே ஆடத் தனி அனுமதி வேண்டும்.

ஒவ்வொரு லீக்கிலும் 'பிளேயர் ஏஜென்ட்' என்றொரு பொறுப்பாளர் இருப்பார். அவரும் சம்பளமில்லாமல் உழைக்கும் ஒரு பெற்றோர்தான். மாலையில் நிதானமாகப் பேசுங்கள். ஆனால் பிள்ளைகளின் திறமையைப் பார்க்கும் ட்ரைஅவுட்டுக்கு முன்பே பேசிவிடுங்கள், அணிகள் பிரித்த பிறகு மாற்றுவது கடினம். முடிவெடுக்க முடியாமல் தடுமாறினால், இலையுதிர்கால ஆட்டத்தில் மேல் பிரிவை முயன்று பார்க்க வழி உண்டா என்று அவரிடமே கேளுங்கள். அந்தப் பருவத்தில் வெற்றி தோல்வியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை.