டர்பனில் முதியோர் இல்லம் பார்த்துக் கொடுக்கும் தொழில்: இரவிலிருந்து தொடங்குங்கள்

சட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கத்துக் குடும்பங்கள் பல, ஆஸ்பத்திரி வார்டிலிருந்துதான் நமக்கு போன் செய்வார்கள். ஆயா, அதாவது வீட்டுப் பாட்டி, விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கும், இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் என்று சொல்லியிருப்பார்கள். "எங்கே கட்டில் காலி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாதீர்கள். ஆயாவுக்கு எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்று அளந்த பிறகே இல்லம் தேட வேண்டும். இந்தத் தொழிலில் நேரும் பெரும்பாலான கோளாறுகள் அந்த அளவு தப்பிப்போவதால் வருபவை.

இரவைப் பற்றிக் கேளுங்கள்

"அம்மா எல்லாம் தானே செய்துக்குவாங்க" என்பார்கள். பொய் சொல்லவில்லை, பகலில் கண்ணில் பட்டதைச் சொல்கிறார்கள். நீங்கள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை என்ன நடக்கிறது என்று கேளுங்கள். எத்தனை தடவை எழுகிறார்? துணி நனைகிறதா? கதவைத் திறந்து வெளியே போகப் பார்த்தாரா? கடந்த 6 மாதத்தில் எத்தனை முறை விழுந்தார்? வீட்டில் அதிகம் பேசுகிறவருக்கு இது தெரியாது. ராத்திரி பக்கத்தில் படுக்கும் மருமகளுக்கோ பேத்திக்கோ தெரியும்.

அவர் வீட்டில் இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஒருவர் பக்கத்தில் நிற்க, நாற்காலியிலிருந்து எழுந்து கழிப்பறை வரை நடந்து வரச் சொல்லுங்கள். மாத்திரை டப்பாவையும் திறந்து பாருங்கள். போன மாதத்து மாத்திரை மீந்திருந்தால், அவர் தானாக மருந்து எடுப்பதில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்து மூன்றில் ஒன்றை முடிவு செய்யலாம்: தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்பவர்; குளிக்க, உடுத்த உதவி வேண்டியவர்; ஃப்ரெயில் கேர், அதாவது தளர்ந்தவர்களுக்கான முழுநேரப் பராமரிப்பு வேண்டியவர். குறைவாக மதிப்பிட்டால் சில வாரங்களில் விழுவார், அல்லது "எங்களால் முடியாது" என்று இல்லம் திருப்பி அனுப்பும். மறதி நோய் உள்ளவர் இரண்டாவது இடமாற்றத்தில் மிகவும் தளர்ந்துபோவார். அதிகமாக மதிப்பிட்டாலும் தீங்குதான்; நடக்கக்கூடியவரைக் கட்டிலிலேயே வைத்தால் காலில் இருந்த பலமும் போய்விடும். அரசு மானியம் பெறும் இல்லங்களுக்குத் தனி மதிப்பீடு உண்டு, எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்று அளக்கும் டிக்யூ98 என்ற படிவத்தில் செய்வார்கள். உங்கள் குறிப்பு அதற்குத் துணையாகத்தான் இருக்கும்.

சம்மதம், கையெழுத்து

தென் ஆப்பிரிக்காவின் 2006ஆம் ஆண்டு 13ஆம் எண் முதியோர் சட்டப்படி, பெரியவரின் சம்மதம் இல்லாமல் அவரை இல்லத்தில் சேர்க்க முடியாது. மனநிலையால் சம்மதம் தர இயலாதவருக்கு மட்டும், உரிமை பெற்ற வேறொருவர் தரலாம். எனவே பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அவரிடமே தனியாகப் பேசுங்கள். அடித்த தழும்போ பணம் பறித்த அறிகுறியோ தெரிந்தால் சமூக நலத் துறைக்கோ போலீசுக்கோ தெரிவிப்பது உங்கள் சட்டக் கடமை.

பல குடும்பங்கள் பவர் ஆஃப் அட்டர்னியை, அதாவது பெரியவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, நம்பி வருகின்றன. தென் ஆப்பிரிக்கச் சட்டத்தில், எழுதிக் கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்ததும் அது செல்லாது. பிறகு அவர் சார்பில் பணத்தைக் கையாள, உயர் நீதிமன்றம் மூலம் கியூரேட்டர் என்ற பொறுப்பாளரோ, மனநலச் சட்டப்படி அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பொறுப்பாளரோ நியமிக்கப்பட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை கட்டணத்தை யார் கட்டுவது என்பதை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்.

மருத்துவ விவரங்களை நாலு இல்லங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புமுன் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா, உடல்நல விவரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

இல்லத்தைப் பார்க்கும்போது

பதிவுச் சான்றிதழைக் கேட்டு, பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் ஒத்துப் பாருங்கள். ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள்; இன்னொருமுறை ஞாயிறு மாலை போங்கள், வார இறுதியில் ஆள் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை கேர்கிவர் (பராமரிப்பாளர்), சிஸ்டர் (நர்ஸ்) உள்ளேயே இருக்கிறாரா, போன் செய்தால்தான் வருவாரா என்று கேளுங்கள். கரண்ட் போனால் ஆக்ஸிஜன் மெஷினுக்கு ஜெனரேட்டர் உண்டா? குழாயில் தண்ணீர் நின்றால் தொட்டி உண்டா? படுத்த படுக்கையானவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா வரிசையும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சமையல்கட்டுக்குள் போய்ப் பாருங்கள். "சைவம் உண்டு" என்ற பதில் போதாது. தனிச் சட்டி, தனிக் கரண்டி இருக்கிறதா, புரட்டாசி முழுவதும் விரதச் சாப்பாடு கிடைக்குமா என்று கேளுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. மாட்டிறைச்சி வெந்த பாத்திரம் என்று தெரிந்தால் சாப்பிடாமலே இருந்துவிடும் ஆயாக்கள் உண்டு. எடை இறங்கிய பிறகுதான் காரணம் வெளியே வரும்.

மறதி முற்றும்போது ஆங்கிலம் நழுவி, சின்ன வயதுத் தமிழ் மட்டும் சிலருக்கு மிஞ்சும். தண்ணி, வலி, பசி, குளிருது, ஒண்ணுக்கு போன்ற பத்துப் பன்னிரண்டு சொற்களை, ஜூலு பேசும் கேர்கிவர் வாசிக்கும்படி எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் பெரிய உதவி.

பணம்

மாதக் கட்டணத்தில் எது சேராது என்று எழுதி வாங்குங்கள்: நாப்கின், துணி துவைப்பது, மருந்து கொண்டுவரும் செலவு, ஆம்புலன்ஸ், ஆண்டு உயர்வு. மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் தங்கும் கட்டணத்தைத் தராது. உங்கள் வருமானத்தையும் மறைக்காதீர்கள். இல்லம் உங்களுக்குக் கமிஷன் தந்தால் எவ்வளவு என்று குடும்பத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். கமிஷன் தராத மானிய இல்லமே பொருத்தம் என்றால் அதையே முதலில் காட்டுங்கள்.

சேர்க்கும் நாள்

செவ்வாய் அல்லது புதன் காலை நல்லது. வெள்ளி மாலை வேண்டாம். கையில் அசல் மருந்துச் சீட்டு, ஒரு மாத மருந்து, அடையாள அட்டை நகல், ஃபியூனரல் பாலிசி (இறுதிச் சடங்குக் காப்பீடு) எண். அவருடைய போர்வை, சாமிப் படம், விபூதி டப்பா முன்கூட்டியே அறைக்குப் போயிருக்கட்டும். விளக்கும் கற்பூரமும் ஏற்ற விடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். ஆக்ஸிஜன் உள்ள அறையில் நெருப்பு கூடாது, பேட்டரி விளக்கு வாங்கிக் கொடுக்கலாம். சேர்க்கும்போது எடை குறியுங்கள். 7ஆம் நாளும் 30ஆம் நாளும் நேரில் போய், எடையைப் பார்த்து, முதுகிலும் குதிகாலிலும் புண் இல்லையா என்று சிஸ்டரிடம் கேட்டு, குடும்பத்துக்கு எழுதி அனுப்புங்கள்.